164-ஆம் அட்டை

நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இந்த அறை காகிதம் வைக்க நல்ல அறை. ஜன்னல் வடக்குப் பக்கம் இருக்கிறது, வெயில் நேரே விழாது. எங்கள் அலுவலகத்தில் தெற்கு ஜன்னல். திரை போட்டும் பயனில்லை. கீழ்த்தட்டில் இருக்கும் கோப்புகள் எல்லாம் டீ நிறத்துக்கு வந்துவிட்டன. கட்டடம் கட்டுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

என் பெயர் டமீரா. வயது ஐம்பத்தேழு. தாஷ்-கெச்சூ மாவட்ட அலுவலகத்தில் கொள்முதல் ஆவண அறைக்கு நான்தான் பொறுப்பு. அலுவலகம் எதை வாங்கியது, யாரிடம் வாங்கியது, எப்போது வந்து சேர்ந்தது, யார் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார்கள், இவ்வளவும் அந்த அறையில் இருக்கிறது. பெரிய டெண்டர்கள் இணையத்தில் ஏறிவிடும். சின்னக் கொள்முதல்கள் காகிதத்தோடு சரி. ஆனால் அவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதிக் கொடுத்தால் பதினாலு நாளுக்குள் நான் எடுத்து வைக்க வேண்டும். அதற்கென்றே ஜன்னலோரம் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் டெண்டர் கிடைக்காத சப்ளையர்கள். கோபமாக வருவார்கள். ஒரு டீ கொடுத்து, கோப்பை எதிரில் வைத்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒருவரைக்கூட நான் இல்லை என்று சொல்லி அனுப்பியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜிபார் வந்தது அக்டோபர் முதல் வாரத்தில். இரண்டாம் எண் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஒல்லியான பெண், நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். செப்டம்பரிலிருந்து ஊரில் டைஃபாய்டு. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராந்தாவில் பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் வகுப்பில் படித்த மீரிம் என்ற பெண் அதற்கு முந்தின வாரம் இறந்துபோயிருந்தாள். பதினோரு வயது.

"அக்கா, தண்ணி டேங்குக்கு இந்த வருஷம் பிளீச்சிங் பவுடர் யார் சப்ளை பண்ணாங்கன்னு பாக்கணும்."

"எழுதிக் குடும்மா."

"எழுதியே கொண்டாந்துட்டேன், ரெண்டு காப்பி. ஒண்ணுல நீங்க தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்கள நம்பாம இல்ல அக்கா. உங்க ஆபீஸை நம்பல."

"ஆபீஸ்னா இங்க நான் ஒருத்திதாம்மா."

"அதான் ரெண்டு காப்பி" என்று சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஊரில் நாலு தெருக் குழாயிலிருந்தும் தண்ணீர் பிடித்து வந்து பள்ளி ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தாளாம். "தண்ணியில பவுடர் கலந்திருந்தா, ஸ்டார்ச்சும் அயோடைடும் போட்டா நீலமாகணும் அக்கா. பசங்க முன்னாடியே ஊத்தினேன். நிறமே மாறாம நிக்குது. டேங்க் அடியில என்ன படிஞ்சிருக்குன்னு சுரண்டிப் பாத்தேன். சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பு."

நான் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு பிஸ்கெட் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரிதான். மே மாதம் அறுபது மூட்டை வந்தது. மாவட்டக் கிடங்கின் சாவி என்னிடம் இருப்பதால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டியதும் நான்தான். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்தால் கண் எரியும், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நான் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தேன். வாசனையே இல்லை. திரும்பக் கட்டிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதைக் கொண்டுவந்தது சூ-தாசா என்ற நிறுவனம். அதன் உரிமையாளர் எங்கள் துணைத் தலைவர் மெலிஸின் மைத்துனர். ஒவ்வொரு சப்ளையருக்கும் எண் போட்ட ஒரு அட்டை உண்டு, பெட்டியில் வரிசையாக இருக்கும்; அவருக்கு 164-ஆம் அட்டை. நான் இதற்காக யாரிடமும் பணம் வாங்கியதில்லை. ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்களை மாற்றிக் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் ஜன்னல். குளிர்காலத்தில் காற்று உள்ளே வராது. அது நான் கேட்டு வந்ததில்லை.

ஜிபாரின் மனுவைப் பற்றி மெலிஸிடம் சொன்னேன். மேலதிகாரியிடம் சொல்வதுதான் முறை. அவர் கொஞ்ச நேரம் தன் செல்போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அக்கா, இந்த மாதிரி விஷயம்லாம் எங்களவிட உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். அட்டையை மாற்று என்று அவர் சொன்னாரா என்று நீங்கள் கேட்பீர்கள் என நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. அவரைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. பரவாயில்லை. அவர் சொல்லவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். கோப்பு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஜிபார் விடமாட்டாள், தலைநகர் பிஷ்கேக்குக்கு எழுதுவாள், அங்கிருந்து ஆட்கள் வந்தால் ஒரு கோப்போடு நிறுத்தமாட்டார்கள். உள்ளது உள்ளபடி கொடுக்கலாம். கொடுத்தால், துணைத் தலைவரின் மைத்துனரிடம் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு பவுடர் என்று கையெழுத்துப் போட்டவள் யார் என்ற கேள்வி வரும். எனக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. சப்ளையர் யாரோ ஒரு சுண்ணாம்புக்காரனாக இருந்தால், அவன் என்னையும் அலுவலகத்தையும் ஏமாற்றிவிட்டான் என்று ஆகும். மூட்டை மூட்டையாக முகர்ந்து பார்ப்பது யாருடைய வேலையும் இல்லையே.

எசென்குல் 118-ஆம் அட்டை. மலைமேல் சொந்தமாகச் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவர். ஒவ்வொரு வசந்தத்திலும் சாலையோர மரங்களுக்கும் கல்லுக்கும் அடிக்க அவரிடம்தான் சுண்ணாம்பு வாங்குவோம். சூளையிலிருந்து அலுவலகத்துக்கு நாற்பது கிலோமீட்டர். ஒரு கையெழுத்துக்காக இன்னொரு தடவை இறங்கிவர வேண்டாம் என்று, வெற்றுப் படிவங்கள் ஐந்தாறில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்துவைத்திருந்தார். சின்ன சப்ளையர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். என்னை நம்புவார்கள். வரும்போதெல்லாம் ஒரு பையில் உலர்ந்த பாதாமி கொண்டுவந்து வைப்பார்.

அவரை ஏன் எடுத்தேன் என்றால், பாதிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. குழந்தைகள் இல்லை. ஊரில் அவருக்காகப் பேச ஆளில்லை. இன்னொன்று, அவருக்குத் திக்குவாய். சும்மா சலாம் சொல்வதற்கே கழுத்து நரம்பு புடைத்துவிடும். பேச்சு வருகிற ஆளாக இருந்தால் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று விஷயம் வளர்ந்துகொண்டே போயிருக்கும். இது சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்கிட்டேன்.

வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. அவர் கையெழுத்திருந்த படிவத்தில் பிளீச்சிங் பவுடர் ஒப்பந்த விவரங்களை அச்சிட்டு, சூ-தாசாவின் ஒப்பந்தம் இருந்த இடத்தில் வைத்தேன். முத்திரை என்னிடமே இருக்கிறது. 118-ஆம் அட்டையில் ஒரு வரி சேர்த்தேன். 164-ஆம் அட்டையை எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை. நான் எந்தக் காகிதத்தையும் கிழித்ததில்லை.

ஒன்பதாம் நாளே ஜிபாரைக் கூப்பிட்டுக் கோப்பைக் கொடுத்தேன். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து படித்தாள். பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சூளைக்கார எசென்குலா? அந்த மனுஷனா?"

"எனக்கும் நம்ப முடியலதாம்மா."

"போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தாரு. பசங்க பேசச் சொல்லிக் கேலி பண்ணுதுங்க, அவரும் கூடச் சிரிக்கறாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நாலு ஆபீஸ் ஏறி எறங்கிட்டேன் அக்கா. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலையவிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டதைக் குடுத்தீங்க."

அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜிபார் நியாயமானவள். பெயர் கிடைத்ததும் தெருவில் போய்க் கூவவில்லை. எசென்குலுக்கு ஆள் அனுப்பி, சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர் பஸ் பிடித்து வந்தார். தாடியைத் திருத்தி, திருநாளுக்கு வைக்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டிருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவர்கள் பாதிப் பேர். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

ஜிபார் ஒப்பந்தத்தின் நகலை அவரிடம் நீட்டினாள். "அண்ணே, இது உங்க கையெழுத்துதானே?"

அவர் காகிதத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். இல்லை என்று ஒரு தலையசைப்பில் சொல்லியிருக்கலாம், அதற்கு வாய் வேண்டியதில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆமாம் என்று தலையாட்டினார். மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அதற்கப்புறம்தான் அவர் மீதியைச் சொல்ல முயன்றார்.

"ஆ... ஆ..." 'ஆனால்' என்ற சொல்தான். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

"மூட்டை எண்ணும்போது மட்டும் நாக்கு நல்லா ஓடியிருக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா." எழுந்தவன் ஜெங்கிஷ், இறந்துபோன மீரிமின் அப்பா. லாரி ஓட்டுகிறவன். குரலை உயர்த்தவே இல்லை. "அவரு ஒண்ணும் சொல்ல வேணாம். எம் பொண்ணு பேர ஒரு தடவ சொல்லட்டும். அது போதும் எனக்கு. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

எசென்குல் சொல்லத்தான் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு முயன்றார். "மீ... மீ... மீ..." அதற்கு மேல் வரவில்லை. யாரோ ஒருவன் ஆட்டுக்குட்டி மாதிரி அதையே திருப்பிச் சொன்னான். யார் என்று தெரியவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜெங்கிஷின் முகத்தை நான் பார்த்தேன்.

எசென்குல் என் பக்கம் கையை நீட்டினார். "அக்... அக்காவுக்குத் தெ... தெரியும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஜிபாரும் என்னைப் பார்த்தாள். "டமீரா அக்கா, அவரு என்ன சொல்றாரு? நீங்க சொல்லுங்க."

நான் எழுந்து நின்று சொன்னேன். "ஃபைல்ல இருக்கறத நான் குடுத்துட்டேம்மா. அதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்."

உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். ஜிபார் மண்டபக் கதவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "இதுக்காக நான் கூப்பிடல, இதுக்காகக் கூப்பிடல" என்று கத்தினாள். அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். கூட்டத்தைத் தூண்டிவிட்டாள் என்று அவள்மேல் வழக்கு எழுதியிருக்கிறீர்கள். அவள் கதவில் நின்றதை எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

தண்ணீர் நிலையத்துக்கு நான் போகவில்லை. மற்றவர்கள் சொன்னதுதான். டேங்குக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தார்களாம். நீ வித்த பவுடர் போட்ட தண்ணிதானே, குடி என்றார்களாம். குடித்தார். திரும்ப நிரப்பினார்கள். ஜெங்கிஷ்தான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடுவில் 'போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பேன் என்று பிறகு அழுதானாம். எசென்குலுக்கு 'ப' வரிசையில் தொடங்கும் சொற்கள்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட வரும்போது பேனா வேண்டும் என்று வாயால் கேட்கமாட்டார், எப்போதும் விரலால்தான் காட்டுவார்.

நுரையீரலில் தண்ணீர் போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஆட்டுச்சாறு எடுத்துக்கொண்டு போனேன். உடம்பு முழுக்கக் குழாய். என்னைப் பார்த்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்மேல் ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. எழுத வேண்டும் என்று சைகை காட்டினார். ஒரு மருந்துச் சீட்டைப் பின்பக்கம் திருப்பி நீட்டினேன், பேனாவும் கொடுத்தேன். கோணல் கோணலாக எழுதினார். 'அக்கா, என் கோப்பைத் தேடிப் பாருங்கள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. உங்களால்தான் கண்டுபிடிக்க முடியும்.'

"பாக்கறேன். நீங்க தூங்குங்க" என்றேன். அன்றிரவே இறந்துபோனார்.

அந்தச் சீட்டை உங்களிடம் கொடுத்துவிட்டேன். தேதி போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மனுவாகப் பதிய முடியாது.

நீங்கள் நேற்று என் கணவரிடம் விசாரித்தீர்களாம், மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்தா குடிக்கிறோம் என்று. ஆமாம். மூட்டை வந்த அன்று சாயங்காலத்திலிருந்தே. "என்ன டமீரா, நம்ம வீட்டு சமோவார் ஆறவே மாட்டேங்குது, கல்யாண வீடா இது?" என்று அவர்கூடக் கேலி செய்வார். தொண்டைக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன். பல் தேய்க்கவும் ஆறவைத்த தண்ணீர்தான்.

ஜெங்கிஷின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளம். மீரிம் பள்ளிவிட்டு வந்ததும் முற்றத்துக் குழாயில் வாயை வைத்துக் குடிப்பாள். சமையலறையில் நின்றால் தெரியும். அவள் அம்மாவிடம் கொதிக்கவைத்துக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பலமுறை தோன்றியது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அந்தப் பெண் இறந்தபோது மாவு பிசைந்து, துக்க வீட்டுக்குக் கொடுக்கும் போர்சோக் இரண்டு தட்டு பொரித்துக் கொண்டுபோனேன். அவள் அம்மாவோடு மூன்று நாள் கூடவே இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

இப்போது நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்றெல்லாம் எழுத வேண்டாம். ஜிபார் லாக்கப்பிலிருந்து ஒரு மனு அனுப்பினாள், தன் வக்கீல் வழியாக, இரண்டு காப்பி. அன்றைக்கு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தபோதே சப்ளையர் அட்டைகள் இருக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். 163-க்கு அடுத்தது 165. கெட்டிக்காரி. அப்போது அது ஏன் என்று அவளுக்குத் தோன்றவில்லை, உள்ளே இருக்கும்போதுதான் தோன்றியிருக்கிறது. '164-ஆம் அட்டையைப் பார்வைக்கு வைக்கவும்' என்று எழுதியிருந்தாள். தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அப்படி ஒரு மனு வந்தால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சட்டம் பதினாலு நாள் தருகிறது. இன்று பதினாலாம் நாள். அவள் அங்கே குளிரில் கிடக்கிறாள் என்று சொன்னீர்கள். ஒருநாள்கூட நான் தாமதிக்கவில்லை.

அட்டை இதோ. மடங்கல் இல்லை, கறை இல்லை. சூ-தாசா, உரிமையாளர் பெயர், மெலிஸின் சிபாரிசுக் குறிப்பு, என் கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. இதில் சந்தேகம் ஒன்றும் வைக்க வேண்டாம். ஒப்பந்தத்தை மாற்றியது நான். அவர் பெயரை எழுதியது நான். எசென்குல் என்ற மனிதருக்கும் அந்தத் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை நீங்கள் எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இத்தனை நாள் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று கேட்டீர்கள். ஒளிக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் என் கைப்பையில்தான் இருந்தது. மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது தோளில் இருந்தது. எசென்குல் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சரியாகக் கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்திருப்பேன்.